மதகடி மாப்பிள்ளை

ரயில்வே கேட்டப் போட்டுட்டான் பாருங்க. இனிமே கூட்ஸு வண்டி ஊர்ந்து போயி, அப்பறம் எதிர்ல ஒண்ணு வந்து, அதுவும் போனாத்தான் தொறப்பான். நீங்க ஜன்னலோரம், நான் இந்தப் பக்கம், நடுவுல என் பையி, நிக்க எடமில்லாத கூட்டம். நீங்களும் எறங்கிப் போக முடியாது, எனக்கும் வேற போக்கிடம் கெடையாது. செத்த பேசிக்கிட்டு இருப்போம் சார். தூங்கப் போறீங்களா? இல்லல்ல. அப்ப சரி.

நான் கோடித்திட்டு வரைக்கும் போறேன். எம் பொண்டாட்டி கொளஞ்சி அங்கதான் இருக்கா, அவ அண்ணன் வீட்டுல. கூப்புட்டுக்கிட்டு வரப் போறேன். எத்தனாவது தடவன்னு மட்டும் கேட்டுடாதீங்க. இந்தக் கண்டக்டரு என் மூஞ்சியப் பாத்ததும் டிக்கெட்டக் கிழிச்சுக் குடுத்துடுறான், எந்த ஊருன்னு கேக்குறதே இல்ல. பையில ஒரு பொடவ வச்சிருக்கேன், கத்திரிப்பூ கலரு. அந்தக் கலருன்னா அவளுக்கு உசுரு. போன தடவ அல்வா வாங்கிக்கிட்டுப் போனேன். அவ அண்ணன் புள்ளைங்க தின்னுச்சுங்க.

அடிச்சியா, குடிச்சியான்னுதான் எல்லாரும் கேக்குறாங்க. நீங்களும் அதான் நெனைப்பீங்க. கட்டுன நாள்லேருந்து அவ மேல ஒரு வெரல் வச்சதில்ல சார். பொண்ணு ஒண்ணு, அதையும் கட்டிக் குடுத்தாச்சு. வீட்டுல நாங்க ரெண்டு பேருதான். காலையில எனக்கு முன்னாடி எந்திரிச்சு கடை வாசல் தெளிச்சு விடுவா. அவ்வளவு ஒத்துமையா இருந்தோம். ஒரு முதலையால பிரிஞ்சு கெடக்குறோம் சார். சிரிக்காதீங்க. சிரிக்கிற மாதிரிதான் இருக்கும், அவனவன் வீட்டுக்கு வந்தாத்தான் தெரியும்.

என் பேரு கலியமூர்த்தி. நாணல்படுகையில கோழிக்கடை. ஆத்தங்கரை ஊரு. பழைய கொள்ளிடம் எங்க கொல்லைக்குப் பின்னாடி ஓடுது. முதலை எங்க பாட்டன் காலத்துலேருந்து அதுல உண்டு. அது பாட்டுக்குத் திட்டுல வெயில் காயும், நாங்க பாட்டுக்கு இந்தப் பக்கம் குளிப்போம். ஆட்டுக்குட்டி ஒண்ணு ரெண்டு போகும், போனா போகட்டும்னு விட்டுடுவோம்.

கோழிக்கடைன்னா கழிவு இருக்கும்ல சார். தலை, கொடலு, தோலு, றெக்க. அத எங்க கொட்டுறது? பஞ்சாயத்துல குழி தோண்டிப் பொதைங்கன்னாங்க. தோண்டுனேன். சொன்ன பேச்சு கேக்காதவன் இல்ல நான். ராத்திரியோட ராத்திரியா நாயி கெளறிடுச்சு. காலையில பாத்தா கொடலத் தூக்கிக்கிட்டுப் போயி மாரியாத்தா கோயில் வாசல்ல படுத்திருக்கு. யாரத் திட்டுவாங்க, நாயையா? அதுலேருந்து ஆத்துலதான் கொட்டுறது. வடிகால் வாய்க்கால் ஆத்துல வந்து விழுற எடத்துல ஒரு மதகு இருக்கு. ஒதுக்குப்புறம், யாரும் வர மாட்டாங்க. ஆத்துக்கு வேண்டாம்னு சொல்லத் தெரியாது பாருங்க.

எண்ணெய் டின்னு ஒண்ணுல மேல்பக்கத்த வெட்டிட்டு, கம்பியில கைப்பிடி போட்டு வச்சிருக்கேன். வெயில் தாழ்ந்ததும் அத ரொப்பி எடுத்துக்கிட்டுப் போயி மதகுல கவுப்பேன். அடியில ஒட்டிக்கிட்டு இருக்கறது விழணும்ல, அதுக்காக செவுத்துல நாலு தட்டு தட்டுவேன், டங்கு டங்குன்னு. நான் செஞ்சது அவ்வளவுதான். டின்னத் தட்டுனது ஒரு குத்தமா சார்? நீங்களே சொல்லுங்க.

ஒரு நாளு கட்ட மாதிரி ஒண்ணு மெதந்து வந்துச்சு. கட்டைக்குக் கண்ணு இருந்துச்சு. நான் பின்னாடி நகந்துட்டேன். அது வந்து ஆர அமர தின்னுட்டுப் போயிடுச்சு. மறுநாளும் வந்துச்சு. மொதல்ல கொட்டுனதுக்கு அப்பறம் வரும். போகப் போக நான் டின்னத் தட்டுனா போதும், எதிர்த்திட்டுல காஞ்சுக்கிட்டுக் கெடக்குறவன் வழுக்கிக்கிட்டு தண்ணியில எறங்குவான். தண்ணி மேல ஒரு கோடு மட்டும் என்னப் பாத்து வரும். மாப்ளன்னு பேரு வச்சேன். பின்ன, நெதம் கோழி வேற யாருக்குப் போடுவாங்க? என் சொந்த மாப்ளைக்கே தலதீவாளியோட சரி. உள்ளதச் சொல்றேன் சார், எனக்கு ஒரு பெருமையாக்கூட இருந்துச்சு. கடைக்கு வர்றவன்லாம் என்ன அதட்டுவான், தோல உரி, சின்னதா வெட்டு, எடை சரியில்லன்னு. நான் கூப்புட்டு ஒண்ணு வருதுன்னா அது ஒண்ணுதான். கொளஞ்சி கூட ஏன்னு கேட்டுட்டுதான் வருவா.

அவள ஒரு நாள் கூட்டிக்கிட்டுப் போயி காமிச்சேன். சந்தோசப்படுவான்னு பாத்தேன். மாப்ள வாயத் தொறந்து வாங்கித் திங்கிறத பாத்துக்கிட்டே நின்னா. வர்ற வழியில, "கொட்டுறதுன்னா கொட்டுங்க, தட்டாம கொட்டுங்க"ன்னா. தட்டாட்டி எப்புடி விழும்னேன். பொம்பளைங்களுக்கு எதுல பயம் வரும்னு சொல்ல முடியாது.

ஆடி மாசம் கூழு ஊத்துனாங்க. எங்க தெருவுல அஞ்சலாட்சி அக்கான்னு ஒண்ணு இருக்கு, எல்லாத்துலயும் முன்னாடி நிக்கும். கூழு ஊத்தி முடிஞ்சு அண்டா, அன்னக்கூடையெல்லாம் தூக்கிக்கிட்டு ஆத்துல கழுவப் போயிருக்கு. கூழு ஒட்டுனா லேசுல வராது, உங்களுக்குத் தெரியும். அன்னக்கூடையக் கல்லுல கவுத்துப் போட்டுத் தட்டியிருக்கு. தட்டிட்டு அலசக் கைய உட்டுருக்கு. அவ்வளவுதான். முழங்கைக்குக் கீழ ஒண்ணுமில்ல. அது புருசன் பக்கத்துல இருந்ததால தலமுடியப் புடிச்சு இழுத்து உசுரக் காப்பாத்திட்டாரு.

யாரு ஆட்டோ புடிச்சா? நான்தான். கடைய அப்புடியே போட்டுட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் போனேன். ரத்தம் குடுத்தேன் சார். என் ஒடம்புல உள்ள ரத்தம் இன்னிக்கு அது ஒடம்புல ஓடுது. அதுக்கு மேல ஒரு மனுசன் என்ன செய்ய முடியும்?

வீட்டுக்கு வந்தா கொளஞ்சி அடுப்பு பத்த வைக்காம உக்காந்திருக்கா. "நாமதாங்க"ன்னா. என்ன நாமன்னேன். "தட்டுனா சோறுன்னு பழக்கி வச்சிருக்கீங்க. தட்டுறது நீங்களா அஞ்சலாட்சியான்னு அதுக்கு எப்புடித் தெரியும்?" எனக்கு ஆத்திரம் வந்துடுச்சு. முதலைக்குக் காது எங்க இருக்கு, காட்டு பாப்போம்னேன். மாட்டுக்கு இருக்கு, ஆட்டுக்கு இருக்கு. முதலைக்குக் காதப் பாத்தவன் உண்டா?  அவ, ஊர்ல சொல்லிடுங்கன்னா. மதகுகிட்ட யாரும் எதையும் தட்டாதீங்கன்னு மட்டுமாவது சொல்லிடுங்கன்னா.

சொல்லலாம் சார். சொன்னா அஞ்சலாட்சி கை மொளச்சுடுமா? அது புருசன் அருவாளத் தூக்கிக்கிட்டு வருவாரு. ஊரு கூடிக் கடைக்குப் பூட்டுப் போடும். அப்பறம் ரெண்டு பேரும் எங்க போயி நிக்கிறது? விதி ஒண்ணு நடத்திட்டுப் போனதுக்கு நாம ஏன் கையெழுத்துப் போடணும்னேன். அதோட வாய மூடிக்கிட்டா. ஆனா நெதம் அஞ்சலாட்சி வீட்டுக்குப் போயி அதுக்குத் தல வாரி, பொடவ கட்டி விட்டுட்டு வந்தா. கூடப் பொறந்தவ கூட இப்புடிச் செய்ய மாட்டான்னு ஊரே பேசுச்சு. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு.

அப்ப நீ கொட்டுறத நிறுத்திட்டியான்னு கேக்குறீங்க. இதுலதான் சார் நான் மாட்டிக்கிட்டது. கேளுங்க. புரட்டாசி வந்துச்சு. புரட்டாசியில பாதி ஊரு பெருமாளுக்கு விரதம், மீதி ஊரு அதுங்களப் பாத்து விரதம். யாவாரம் படுத்துடுச்சு. கொட்டுறதுக்கு ஒண்ணுமில்ல, நானும் மதகுப் பக்கம் போகல. சரி, இப்புடியே விட்டுப் போகட்டும், கொளஞ்சிக்கும் நிம்மதின்னு இருந்தேன்.

கடைக்குப் பின்னாடி கோழி உரிக்கிற தகரக் கொட்டாய் இருக்கு. ஒரே வாசல், அதுவும் வாய்க்காலப் பாத்து. பொழுது சாயுற நேரம் உள்ள தனியா உக்காந்து கத்தியத் தீட்டிக்கிட்டு இருக்கேன். கூண்டுல கெடந்த கோழியெல்லாம் திடீர்னு சத்தம் அடங்கிப் போச்சு. என்னடான்னு திரும்பிப் பாத்தா வாசல்ல மாப்ள. வாய்க்கால் வழியாவே ஏறி வந்திருக்கான். வாசலுக்குக் குறுக்க படுத்துக்கிட்டு வாயப் பொளந்து வச்சுக்கிட்டுக் கெடக்குறான். தண்ணிக்குள்ள பாத்தப்ப இவ்வளவு நீளம்னு தெரியல. நான் கூண்டு மேல ஏறிட்டேன். கத்துனா பாய்ஞ்சுடுவானோன்னு பயம். அவன் வாயி நாத்தம் கொட்டாய் பூரா அடிக்குது. என் கடை நாத்தந்தான் அது, ஆனா அன்னிக்குப் புதுசா இருந்துச்சு. கொஞ்சம் அசைஞ்சாலும் கூண்டு கிறீச்சுங்குது, அந்தச் சத்தத்துக்கு அவன் தலைய மட்டும் திருப்புறான். செத்தோம்னே நெனச்சேன். சாமி பேரு ஒண்ணு கூட ஞாபகத்துக்கு வரல சார்.

அப்ப கொளஞ்சி வந்தா. டீ எடுத்துக்கிட்டு வந்தவ, தூரத்துலயே பாத்துட்டா. கத்தல, கூப்பாடு போடல. டம்ளர வச்சிட்டு, வெளியில கெடந்த காலி டின்னத் தூக்கிக்கிட்டு மதகப் பாத்து ஓடுனா. செத்த நேரத்துல சத்தம் கேட்டுச்சு. டங்கு, டங்கு, டங்கு. நான் தட்டுறத விட வேகமா, விடாம தட்டுறா. மாப்ள வாய மூடிக்கிட்டு, அப்புடியே திரும்பி, வாய்க்கால்ல எறங்கிப் போயிட்டான்.

அவ திரும்பி வந்து என்னக் கூண்டுலேருந்து கையப் புடிச்சு எறக்குனா. "இப்பவாவது தெரியுதா"ன்னா. என்ன தெரியணும்? இருட்டப் போற நேரம், அதுக்கும் தண்ணிக்குப் போகணும்ல, அதுவாப் போயிருக்கும். ஆனா நான் ஒண்ணு புரிஞ்சுக்கிட்டேன். பசிச்சா இது மேல ஏறி வந்துடும். இன்னிக்கு என் கொட்டாய், நாளைக்கு எவன் வீட்டு வாசலோ. அன்னிலேருந்து ஒரு நாளு தவறாம கொண்டுபோயி போட்டேன். யாவாரம் இல்லாத நாள்ல, முட்டை வக்கிறத விட்ட கோழியா பாத்து அறுத்துப் போட்டேன் சார், நட்டத்துல. ஊருக்காகத்தான். ஒருத்தனுக்கும் தெரியாது. புலி வாலப் புடிச்ச கதன்னு சொல்வாங்கல்ல, அதான். புடிச்சாலும் வம்பு, விட்டாலும் வம்பு. வனத்துறையிலேருந்து ஒரு தம்பி வந்து மதகுக்குக் கிட்ட கூண்டு வச்சு, ஆட்டுக்கறியெல்லாம் கட்டித் தொங்கவிட்டாரு. மாப்ள சீந்தக்கூட இல்ல. ஏன் சீந்தப் போறான், வயிறு நெறஞ்சவன். இது எதுக்கு இந்த எடத்தையே சுத்தி வருதுன்னு அந்தத் தம்பி என்கிட்டயே கேட்டாரு. வாயில்லா ஜீவன், அதுகிட்டதான் கேக்கணும்னேன்.

கூட்ஸு வந்துடுச்சு போல. சத்தம் கேக்குதா? இல்ல, அது லாரி.

ஐப்பசி பொறந்து மொத ஞாயித்துக்கெழமை. கோழிக்கடைக்காரனுக்கு அதுதான் சார் தீவாளி. ஒரு மாசம் நாக்கக் கட்டிக்கிட்டு இருந்த ஊரு மொத்தமும் கடை வாசல்ல நிக்கிது. வெட்டி வெட்டித் தோளு எறங்கிப் போச்சு. டின்னு ரொம்பி வழியுது, மதகுக்குப் போக நேரமில்ல. கூட்டம் கலைஞ்சு நான் டின்னத் தூக்கிக்கிட்டுக் கெளம்பவே லேட்டாயிடுச்சு. மாப்ள மதகடியில காத்துக் கெடந்து பாத்துட்டு, ஆத்துல மேல்பக்கமா நகந்துட்டான் போலருக்கு.

கொளஞ்சி அன்னிக்கு மத்தப் பொம்பளைங்களோட எதிர்த்திட்டுக்குப் புல்லறுக்கப் போயிருந்தா. இடுப்பளவு தண்ணிதான், நடந்தே போயிட்டு நடந்தே வருவாங்க. முதலை இருக்கேன்னு கேக்காதீங்க, ஆடு வளக்குற வீட்டுல புல்லுக்கு என்ன பண்றது? கும்பலாப் போயிட்டுக் கும்பலா வந்துடுவாங்க. அன்னிக்குக் கீழணையில தண்ணி தொறந்து விட்டுட்டான். தண்ணி ஏறுதுன்னு எல்லாரும் வேகமா கரையேறிட்டாங்க. இவ புல்லுக்கட்டு அவுந்துடுச்சு, அதத் திரும்பக் கட்டிக்கிட்டுப் பின்னாடி வந்திருக்கா. பாதி ஆத்துல வர்றப்ப அந்தக் கோடு தெரிஞ்சிருக்கு. நடுவுல, வெள்ளத்துல ஒடஞ்சு போன தரைப்பாலத்துத் துண்டு ஒண்ணு நிக்கும். அதுல ஏறிக்கிட்டா.

சத்தம் கேட்டு நான் டின்னோடயே ஓடுனேன். கரை பூரா சனம். அவ அந்தக் கல்லு மேல கையில கருக்கருவாளோட நிக்கிறா. அவளுக்கும் கரைக்கும் நடுவுல மாப்ள. கல்லெறியிறாங்க, கீத்தக் கொளுத்தி வீசுறாங்க, எவனோ தீவாளி வெடியக் கொளுத்திப் போட்டான். முங்குவான், அதே எடத்துல எந்திரிப்பான். ஒண்ணு சொல்றேன் சார், யார்கிட்டயும் சொன்னதில்ல. அவன் அவளப் பாத்துக்கிட்டு இல்ல. மூஞ்சி கரையப் பாத்து இருந்துச்சு. அத்தன சனத்துல என்னத்தான் பாக்குறான்னு எனக்குத் தோணுச்சு.

தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு. மொதல்ல அவ நின்ன எடம் காஞ்சு கெடந்துச்சு, அப்பறம் பாதம் நனைஞ்சுது. அப்ப அவ என்னக் கூப்புட்டா. "என்னங்க, டின்ன எடுத்துக்கிட்டு மதகுக்குப் போங்க."

எல்லாரும் என்னத் திரும்பிப் பாத்தாங்க. என் தோளோட தோளா நின்னது யாரு தெரியுமா, அஞ்சலாட்சி புருசன். என்ன கலியமூர்த்தி, தங்கச்சி என்னமோ சொல்லுதேன்னாரு. பயத்துல பேதலிச்சுப் போயிப் பேசுறான்னேன். பாவம்னு சொல்லித் துண்டால கண்ணத் தொடச்சுக்கிட்டாரு. அவரு நல்ல மனுசன். அவரு பக்கத்துல நின்னுக்கிட்டு நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க.

அவ திரும்பவும் சொன்னா. "இப்பவே போங்க. தண்ணி ஏறிட்டா என்னால நடந்து வர முடியாது." அதுக்கப்பறம் கூப்புடல. மொழங்கால் வரைக்கும் வந்துச்சு. புல்லுக்கட்ட எப்பவோ விட்டுட்டா. இடுப்புக்கு வந்துச்சு. கத்தல, அழுவல, என்னையே பாத்துக்கிட்டு நின்னா. ஊரே அழுவுது சார், அவ மட்டும் அழுவல. நானும் அழுதேன். எங் கண்ணு முன்னாடி எங் கொளஞ்சி முங்கப் போறா, காலு ஒரு அடி நகர மாட்டேங்குது. நகந்தா எங்க போறன்னு கேப்பாங்கள்ல.

கையக் கட்டிக்கிட்டு நின்னேன்னு நெனைக்காதீங்க. அவ அண்ணன் வைத்திக்கு யாரு போன் பண்ணா? நான்தான் பண்ணேன். கோடித்திட்டுல மீன் புடிக்கிறாரு, மோட்டார் வச்ச படகு இருக்கு. அங்கேருந்து எதிர்த்தண்ணியில வரணும். அவரு வர்றப்ப தண்ணி அவ மாருக்கு வந்துடுச்சு. மோட்டார் சத்தத்துக்கு மாப்ள முங்கிட்டான். வைத்தி அக்குளுல கையக் குடுத்து அவளத் தூக்கிப் படகுல போட்டாரு. கரையில ஒரே கும்மாளம். நான் மாரியாத்தாளுக்குக் கெடா வெட்டுறேன்னு அங்கயே வேண்டிக்கிட்டேன்.

ஆனா படகு கரைக்கு வரல சார். அவ அண்ணன்கிட்ட என்னமோ சொன்னா. அவரு கரையப் பாத்தாரு, என்னப் பாத்தாரு, படகத் திருப்பிட்டாரு. எங்களுக்கு முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்து போனவதான். அன்னிலேருந்து வீட்டுக்கு வரல. மாத்துப் பொடவ கூட எடுத்துக்கிட்டுப் போகல.

ஒரு கீறல் இல்ல அவ மேல. நகத்துல கூட ஒரு கீறல் இல்ல. அப்பறம் என்ன கோவம் சார்? கைபோன அஞ்சலாட்சி புருசனோட வாழுது. நேத்துக்கூட அது என் கடை வாசல்ல நின்னு, கொளஞ்சி எப்ப வருவான்னு கேட்டுச்சு. வந்துடுவா, வந்துடுவான்னேன். வீட்டுல ராத்திரி அவ படுக்குற எடத்த மிதிக்காம சுத்திப் போறேன். காலையில கடை வாசல் தெளிக்காமயே கெடக்கு. தனியா இருக்க முடியல சார், என்னால முடியல, அதச் சொல்ல எனக்கென்ன வெக்கம்.

மாப்ள இன்னமும் வர்றான். இப்பல்லாம் நான் தட்டுறதில்ல, கையாலயே வழிச்சுப் போட்டுட்டு வந்துடுறேன். தண்ணி வத்துனதும் வலை போட்டுப் புடிச்சு வேற ஏரியில கொண்டுபோயி விட்டுடுவோம்னு வனத்துறைத் தம்பி சொல்றாரு. புடிச்சா நிம்மதின்னு இருக்கு. புடிச்சு அதப் பழக்குனது யாருன்னு எவனாவது ஆராஞ்சா என்ன பண்றதுன்னும் இருக்கு. எந்தப் பக்கம் திரும்புனாலும் செவுரு.

வைத்தி மரியாதையான மனுசன். போனா உக்காரச் சொல்வாரு, தண்ணி குடுப்பாரு. முதலையும் மூர்க்கனும் கொண்டது விடான்னு சும்மாவா சொன்னாங்க மச்சான்னாரு ஒரு நாளு. ஆமா மச்சான், முதலை புடிச்சா விடாதுதான், நம்ம அதிர்ஷ்டம் கொளஞ்சி தப்பிச்சுதுன்னேன். என்னையே பாத்துட்டு எந்திரிச்சு உள்ள போயிட்டாரு. அவருக்கு ஒடம்பு சரியில்லயோ என்னமோ.

அவளே வாசலுக்கு வந்தது போன தடவதான். எளச்சுப் போயிருந்தா. வா போலாம்னேன்.  "அன்னிக்கு டின்னு உங்க கையிலதான இருந்துச்சு"ன்னா. ஆமான்னேன். இருந்துச்சு, இல்லன்னா சொல்ல முடியும்? ஊரே பாத்துச்சு. "ரொம்பி இருந்துச்சுல்ல"ன்னா. ஆமா, ஞாயித்துக்கெழமல்லன்னேன். வாசல் நெலையப் புடிச்சுக்கிட்டா. அப்பறம் கேட்டா சார், "உங்க தோளுல கெடந்த துண்ட எடுத்து அது மேல சுத்துனீங்களே, எதுக்கு?"

தண்ணிக்கு நடுவுல சாகக் கெடக்குறவ, கரையில நிக்கிறவன் துண்ட என்ன பண்ணான்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கா. ஈ மொய்ச்சுதுன்னேன். கதவச் சாத்திட்டா. ஒரு துண்டுக்காகவா ஒருத்தி குடும்பத்த விடுவா? இன்னிக்கு இந்தப் பொடவயக் குடுத்து, கால்ல விழுந்தாவது கூட்டிக்கிட்டு வந்துடணும்னு இருக்கேன்.

என்ன சார்? என்ன கேட்டீங்க?

நீங்களும் துண்டு எதுக்குன்னே கேக்குறீங்க பாருங்க. உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, நீங்க எந்த ஊரோ, நான் எந்த ஊரோ. ஈயெல்லாம் ஒண்ணும் இல்ல. கை நடுங்குச்சு சார். அவள அந்தக் கோலத்துல பாத்து எனக்குக் கை நிக்கல. அந்தக் கைப்பிடிக் கம்பி டின்னுல இடிச்சு இடிச்சு டங்கு டங்குன்னு சத்தம் வர ஆரம்பிச்சுடுச்சு. அந்தச் சின்னச் சத்தத்துக்கே மாப்ள அவள விட்டுட்டு என்னப் பாத்து நகர ஆரம்பிச்சுட்டான் சார். ஊரே பக்கத்துல நிக்கிது, நான் என்ன பண்ணுவேன்? துண்டச் சுத்தி, மாரோட சேத்து அணைச்சுப் புடிச்சுக்கிட்டேன்.